மந்திரிக்காத மண்

சாவு விழுந்த வீடாக இருந்தாலும் நெல்லைக் கிளறத்தான் வேண்டும். கிளறாவிட்டால் அது பாட்டுக்கு முளைத்துவிடும். வீட்டில் என்ன நடந்தது என்று நெல்லுக்குத் தெரியாது. தை பிறந்தும் விடாத மழை அந்த வருசம். பொங்கலுக்கு அடுத்த வாரம் அடித்துப் பெய்து, அறுப்புக்கு நின்ற சம்பாவையெல்லாம் படுக்கப் போட்டுவிட்டு, கொஞ்சம் வெறித்திருந்தது. குடவாசலுக்குத் தெற்கே மணல்கட்டளையில் தார்ரோட்டின் ஒரு பாதி முழுக்க நெல். சந்தியாகு வீட்டு நெல் மாதா கோயில் வளைவிலிருந்து வாய்க்கால் மதகு வரைக்கும் கிடந்தது. ஈரம் அதிகமாக இருக்கிறது, காயவைத்துக் கொண்டு வாங்க என்று கொள்முதல் நிலையத்தில் ஏற்கெனவே ஒரு தடவை திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

அந்த நெல்லில்தான் சந்தியாகுவின் மனைவி அக்னஸ் நடந்துகொண்டிருந்தாள். பாதத்தை இழுத்து இழுத்து நெல்லில் கோடு போட்டபடி மதகு வரை போவதும் திரும்புவதுமாக இருந்தாள். தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில் அவள் பேரன் விடியற்காலையில் இறந்துபோனான். ராத்திரி முழுக்க அங்கே இருந்துவிட்டு முதல் பஸ்ஸில் அவள் மட்டும் முன்னால் வந்திருந்தாள். எட்டாம் மாசத்திலேயே பிறந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு வாரம்கூட இருக்காத குழந்தை. மகன் ரெமிஜியஸும் மருமகள் எல்சியும் குழந்தையை எடுத்துக்கொண்டு காரில் வந்துகொண்டிருந்தார்கள்.

துக்கம் ஒருபக்கம் இருக்க, அவளைச் சும்மா உட்காரவிடாத விசயம் வேறு. குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. அக்னஸைத் தெரிந்தவர்கள் யாரும் இதை நம்ப மாட்டார்கள்.

ஆபத்தில் இருக்கும் குழந்தைக்குச் சாமியார்தான் ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்றில்லை. யார் வேண்டுமானாலும் தலையில் ஒரு கை தண்ணீரை ஊற்றி, பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயரைச் சொன்னால் போதும். மணல்கட்டளைப் பங்கில் அந்த யார் வேண்டுமானாலும் என்பது அக்னஸ்தான். கண்ணுக்குச் சொட்டு மருந்து விடும் பாட்டில் அளவுக்கு ஒரு பாட்டிலில் மந்திரித்த தீர்த்தம் நிரப்பி எப்போதும் கைப்பையில் வைத்திருப்பாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு குழந்தை மூச்சுக்குத் திணறினால் முதல் போன் டாக்டருக்கு, இரண்டாவது போன் அக்னஸுக்கு. சாமியார் குளித்து அங்கி மாட்டி வண்டியை எடுப்பதற்குள் இவள் ஊற்றிவிட்டுத் திரும்பி வந்து ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருப்பாள் என்று ஊரில் கேலி செய்வார்கள். அப்படி ஊற்றிய குழந்தைகளில் பாதிக்கு மேல் பிழைத்து, இப்போது அவள் கண்முன்னாலேயே பைக்கில் பறக்கின்றன.

இந்த வைராக்கியத்துக்குக் காரணம் கல்லறைத் தோட்டத்தின் வடக்குச் சுவருக்கு வெளியே இருந்தது. சுவருக்கு உள்ளே இருப்பது மந்திரித்த மண். ஞானஸ்நானம் பெற்றுச் செத்தவர்களுக்கு அங்கே சிலுவை உண்டு, பெயர் உண்டு, கல்லறைத் திருநாளுக்குப் பூ உண்டு. சுவருக்கு வெளியே வாய்க்கால் வரை சரிந்து போகிற துண்டு மந்திரிக்காத மண். தூக்குப் போட்டுக்கொண்டவர்களையும் ஞானஸ்நானம் வாங்காமல் போன பச்சைக் குழந்தைகளையும் முன்பெல்லாம் அங்கேதான் புதைப்பார்கள். அவர்களுக்குத் துக்க மணியும் கிடையாது. மற்ற எந்தச் சாவுக்கும் கோயில் மணியை ஒரு முறை நிறுத்தி நிறுத்தி அடித்து முடித்துக் கயிற்றைக் கட்டுவார்கள்.

ரெமிஜியஸுக்கு முன்னால் அக்னஸுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து, ஒரு பகலும் ஒரு ராத்திரியும் இருந்துவிட்டுப் போயிற்று. முப்பது வருசத்துக்கு மேல் ஆகிறது. அப்போதிருந்த பெரிய சாமியாரைக் கூட்டிவரச் சைக்கிளில் போன சந்தியாகு, அவரோடு திரும்பியபோது நேரம் கடந்துவிட்டது. பெரிய சாமியார் குழந்தையைச் சுவருக்கு வெளியே வைக்கச் சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில், ஒரு கை தண்ணீர் ஊற்ற அந்த வீட்டில் ஒருத்தருக்கும் கையில்லாமல் போயிற்றா, அந்த ஆத்துமா இனிச் சர்வேசுரனின் முகத்தைப் பார்க்குமா என்று கேட்டார். பச்சை உடம்போடு பாயில் கிடந்த அக்னஸிடம் அதை அன்று மத்தியானமே வந்து சொல்ல ஆள் இருந்தது.

அப்படிப்பட்டவள் சொந்தப் பேரனுக்கு ஊற்றாமல் விட்டது எப்படி என்றால், மரியாதையினால்தான். எல்சி லுத்தரன் வீட்டுப் பெண். அவள் அப்பா ஆசீர்வாதம் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், தஞ்சாவூர் மானம்புச்சாவடியில் வீடு. கல்யாணப் பேச்சு எல்லா இடத்திலும் சுமுகமாகப் போய், பிறக்கிற குழந்தைக்கு எந்தக் கோயிலில் ஞானஸ்நானம் என்ற இடத்தில் மட்டும் காபி ஆறிப்போனது. இவர்கள் சாமியார் என்றால் அவர்கள் ஐயர் என்பார்கள். இவர்கள் பூசை என்றால் அவர்கள் ஆராதனை என்பார்கள். தண்ணீர் என்னவோ இரண்டு பக்கமும் ஒரே காவிரித் தண்ணீர்தான். கடைசியில் உங்களைக் கேட்காமல் நாங்கள் எதுவும் செய்ய மாட்டோம் என்று அக்னஸ் வாக்குக் கொடுத்தாள். ஆசீர்வாதம் அதே வாக்கைத் திருப்பிக் கொடுத்தார். இரண்டு பேருமே வாக்குத் தவறாதவர்கள். அதுதான் வினையாகப் போயிற்று.

ஆசீர்வாதம் காருக்கு முன்னாலேயே பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார். நெல்லில் நடக்கிற சம்பந்தியம்மாளைப் பார்த்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அடுத்த வரிசையில் இறங்கிக் காலால் கிளற ஆரம்பித்தார். சந்தியாகு மதகின் மேல் உட்கார்ந்து இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எப்போதுமே பேச்சுக்கு ஆளில்லை.

பாதி தூரம் போன பிறகு அக்னஸ் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"நீங்க ஊத்துனீங்களா சம்மந்தி?"

ஆசீர்வாதம் நின்றுவிட்டார்.

"நீங்க ஊத்தலையா?"

"இல்ல."

"உங்க பையில பாட்டில் இருந்துச்சே சம்மந்தியம்மா. நேத்து ராத்திரி ஆஸ்பத்திரியில பச்ச கவுனப் போட்டுக்கிட்டு உள்ள போயிட்டு வந்தீங்களே. ஊத்தியிருப்பீங்கன்னுதான் நெனச்சேன். கேட்டா ஏதோ கணக்குக் கேக்குற மாரி ஆயிடும்னு பேசாம இருந்துட்டேன். எனக்கு அதுல வருத்தமே இல்லங்க. யார் ஊத்துனா என்ன."

"உங்கள ஒரு வார்த்த கேட்டுட்டு ஊத்தலாம்னுதான் வெளிய வந்தேன். நீங்க கண்ண மூடி ஜெபம் பண்ணிக்கிட்டு இருந்தீங்க. கலைக்க வேணாம், காலையில கேட்டுக்கலாம்னு இருந்துட்டேன்."

ஒரு லாரி நெல்லை விட்டு ஒதுங்கிப் போயிற்று. ஆசீர்வாதம் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தன் பங்குக்கு அவர் அந்த ஜெபத்தை அவ்வளவு நீளமாகச் செய்திருக்க வேண்டாம் என்று நினைத்திருக்கக்கூடும். ஆனால் அவர் விசுவாசி. விசுவாசிக்குச் சொல்ல எப்போதும் ஏதாவது இருக்கும்.

"ஆண்டவர் அப்படிப்பட்டவர் இல்ல சம்மந்தியம்மா. தண்ணிங்குறது அவர் நமக்குக் குடுக்குற வாக்கு. அத நாம கைநீட்டி வாங்காம விட்டதுக்கு அந்தப் பச்ச மண்ணு மேலயா கோவப்படுவாரு? கோவத்த எல்லாம் சிலுவையிலயே தீத்துட்டாரு. மிச்சம் ஒண்ணும் வைக்கல."

"கோவமே இல்லாத சாமின்னா," என்றாள் அக்னஸ், "எதுக்கு சம்மந்தி அம்மாம் பெரிய சுவரு?"

பதினோரு மணி பஸ்ஸில் அக்னஸின் தங்கை ஃபிளோரா கூத்தாநல்லூரிலிருந்து வந்தாள். சில வருசமாக ஜெபக்கூட்டத்துக்குப் போகிறவள். பூ, பொட்டு, நகை எல்லாவற்றையும் விட்டு வெள்ளைப் புடவைக்கு மாறியிருந்தாள். அக்காவைக் கட்டிக்கொண்டு உண்மையாகவே அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, குழந்தைக்கு ஞானஸ்நானம் என்று வேதத்தில் எங்கேயும் இல்லை, பாவம் அறியாதது நேரே பரலோகத்துக்குத்தான் போயிருக்கும் என்றாள். அக்னஸின் முகம் அன்றைக்கு முதல் தடவையாகக் கொஞ்சம் தெளிந்தது. ஃபிளோரா அதோடு நிறுத்தியிருக்கலாம். குழந்தைக்குக் குறையில்லை, ஆனால் தேவன் அதை ஏன் எடுத்தார் என்று யோசிக்க வேண்டும் என்று ஆரம்பித்தாள். வீட்டு அலமாரியில் மாதா சுரூபம் இருக்கிறது. ஆடி மாசம் ஊர் மாரியம்மன் திருவிழாவுக்கு மற்ற வீடுகளோடு சேர்ந்து இவர்களும் தலைக்கட்டு வரி கொடுத்தார்கள். அவர் எரிச்சலுள்ள தேவன்.

"பட்டயத்த உருவிட்டாருக்கா. இன்னும் உறையில போடல. மனந்திரும்புங்க."

ஆசீர்வாதத்துக்கு முகம் சிவந்துவிட்டது. தகப்பன் வரி கொடுத்தால் பிள்ளையைக் கொல்லுகிறவன் தேவனா, கந்துவட்டிக்காரனா என்று கேட்டார். ஃபிளோரா வசனம் சொன்னாள். அவர் பதில் வசனம் சொன்னார். இரண்டும் ஒரே புத்தகத்தில் இருப்பவைதான். அந்த நேரம் மேற்கே இடித்தது. மதகில் உட்கார்ந்திருந்த சந்தியாகு எழுந்தார்.

"படுதாவோட அந்த மொனையப் பிடி ஃபிளோரா. சம்மந்தி, நீங்க இந்தப் பக்கம் வாங்க."

நான்கு பேரும் ஓடி ஓடி நெல்லைக் கூட்டி மூடினார்கள். ஃபிளோராவின் வெள்ளைப் புடவையெல்லாம் உமித்தூசி. மூன்று சபையும் சேர்ந்து அன்றைக்குச் செய்த காரியம் அது ஒன்றுதான். மேகம் சும்மா மிரட்டிவிட்டுக் கிழக்கே போய்விட்டது. சந்தியாகு படுதாவை விலக்கி நெல்லை மறுபடியும் பரப்பினார்.

அடுத்த வயல்காரன் வீரையன் மண்வெட்டியோடு வந்து நின்றான். கூடவே அவன் மனைவி ஆனந்தவல்லி, ஒரு தூக்கில் கஞ்சியும் கிண்ணத்தில் தேங்காய்த் துவையலும் கொண்டுவந்தாள். சாவு வீட்டில் அடுப்புப் பற்றவைக்கக் கூடாது. ஆசீர்வாதம் மட்டும் கேட்டு வாங்கிக் குடித்தார். எங்கே வெட்ட வேண்டும் என்று வீரையன் கேட்டான். தங்கள் பக்கத்தில் பெரியவர்களை எரித்தாலும் பச்சைக் குழந்தையை எரிக்க மாட்டார்கள், புதைப்பார்கள், அதற்கு இந்த இடம் அந்த இடம் என்று கிடையாது என்றான்.

பதில் சொல்ல வேண்டியவர் பங்குச் சாமியார் ஃபாதர் ஜெரோம். சின்ன வயசு, படித்தவர், பைக்கில் வந்து இறங்கி முதலில் சந்தியாகுவின் கையைப் பிடித்துக்கொண்டார். குழந்தையை உள்ளேயே, குடும்பக் கல்லறைக்குப் பக்கத்தில் வைக்கலாம், ஜெபம் சொல்லி மந்திரித்து அடக்கம் செய்யலாம், மணியும் அடிக்கலாம், எந்தத் தடையும் இல்லை என்றார். கூடியிருந்தவர்களுக்கு மூச்சு வந்தது. இவ்வளவு சுலபமா என்று ஆசீர்வாதமே ஆச்சரியப்பட்டார்.

அக்னஸ் மட்டும் வேண்டாம் என்றாள். வெளியேதான் வைக்க வேண்டும் என்றாள்.

"அந்தக் காலத்துல அப்படி நெனச்சாங்கம்மா. இப்ப திருச்சபை அப்படிச் சொல்றதில்ல. கடவுளோட இரக்கத்துக்கு நாம சுவர் கட்ட முடியாது."

"எப்பேந்து சாமி?"

"என்னம்மா?"

"எப்பேந்து அவரு இரக்கப்படுறாரு?"

அவர் எப்போதும் அப்படித்தான், நமக்குத்தான் புரிய நாளாயிற்று என்று ஃபாதர் ஜெரோம் சொன்னார். நல்ல பதில்தான். செமினரியில் கேட்டிருந்தால் முழு மார்க் கிடைத்திருக்கும். அக்னஸ் கூந்தலை முடிந்துகொண்டு உள்ளே போய்விட்டாள். பெரிய சாமியாரின் பயமுறுத்தல் அவள் எலும்பில் ஊறிவிட்டது, மாற்ற முடியாது என்று ஊர் முடிவு கட்டியது.

கார் வந்தது. ரெமிஜியஸ் அறுவடை மிஷின் ஓட்டுகிறவன். இரண்டு நாளாகத் தூங்காத கண்ணோடு இறங்கினான். எல்சி மடியிலேயே குழந்தையை வைத்திருந்தாள், யாரிடமும் கொடுக்கவில்லை. வெள்ளைத் துணிச் சுற்றுக்கு வெளியே முகம் மட்டும் தெரிந்தது. குடிக்க ஆளில்லாத பால் அவள் ரவிக்கையை நனைத்திருந்தது. அவளை உட்காரவைப்பதற்குள்ளேயே யாரோ ரெமிஜியஸிடம் விசயத்தைச் சொல்லிவிட்டார்கள்.

"என் புள்ள என்னம்மா பாவம் பண்ணிச்சு? நாய் ஓடுற எடத்துல போடச் சொல்றியா? சாமியாரே சரிங்குறாரு, நீ யாரு சாமிக்கு மேல?"

அவன் கத்தி முடிக்கட்டும் என்று காத்திருந்த எல்சி, எல்லோரையும் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னாள். ரெமிஜியஸ் வாசற்படி வரைதான் போனான். அதனால் பேசியது அவனுக்கும் கேட்டது.

"ஏன் அத்தை?"

அக்னஸ் சுவரோரமாகக் குந்தினாள். மருமகளைப் பார்க்காமல் குழந்தையின் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"இவன இன்னிக்கு உள்ள வைக்கலாம்னா, அவள அன்னிக்கே வச்சிருக்கலாம்ல? சாமி கோவக்காரருன்னு சொன்னாங்க, நான் தாங்கிக்கிட்டேன் எல்சி. என்ன செய்யிறது, கோவம், நம்ம தப்பு, அப்படின்னு தாங்கிக்கிட்டேன். இப்ப வந்து அவரு கோவமே படல, எப்பவுமே படலங்குறாங்க. அப்ப அவ சும்மாவேதான் வெளியில கெடந்தாளா? அத நான் எப்புடித் தாங்குறது?"

எல்சி குழந்தையைக் கொஞ்சம் அவள் பக்கமாகத் திருப்பிப் பிடித்தாள்.

"இவனையாவது அவகிட்ட வச்சா, தொணைக்கு ஒரு ஆளாவது இருக்கும்."

எல்சி குழந்தையின் துணியைச் சரிசெய்தாள். வெகுநேரம் சரிசெய்துகொண்டே இருந்தாள். பிறகு, "சரி அத்தை. அங்கயே வைப்போம்," என்றாள். வாசற்படியில் நின்ற ரெமிஜியஸ் இறங்கிப் போய் வீரையனைக் கூப்பிட்டான்.

வடக்குச் சுவருக்கு வெளியே ஒரு ஒதிய மரம் நிற்கிறது. பெண் குழந்தையைப் புதைத்த அன்றைக்கு அடையாளத்துக்குச் சந்தியாகு ஊன்றிவிட்டு வந்த குச்சி, வேர் பிடித்து மரமாகிவிட்டது. அதை நட்டது அவர்தான் என்று அன்றுவரை மகனுக்குக்கூடத் தெரியாது. வாய்க்கால் விளிம்பு தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. வீரையன் மரத்துக்குப் பக்கத்தில் வெட்ட ஆரம்பித்தான். முழங்கால் ஆழம்கூட வரவில்லை, குழிக்குள் தண்ணீர் ஊறியது. சட்டியால் இறைத்தான். இறைக்க இறைக்க ஊறியது. கொஞ்சம் தள்ளி வெட்டிப் பார்த்தான். அங்கேயும் அதே கதை. சோற்றில் குழம்புக்குப் பாத்தி கட்டியது மாதிரி குழியில் கலங்கல் தண்ணீர் நின்றது.

"தாவு நிலமக்கா, பள்ளம்," என்றான். "மேல ஒரு சாண்தான் மண்ணு. கீழ பூரா ஊத்து."

"மழயினாலயா?"

"மழயில்லன்னாலும் அப்படித்தான். ஆத்துல தண்ணி விட்டா ஏறிடும். கோடையிலதான் வடியும்."

"வருசா வருசமா?"

"பின்ன?"

அக்னஸ் குழியின் விளிம்பில் உட்கார்ந்து கையை விட்டுப் பார்த்தாள். தண்ணீர் மணிக்கட்டுக்கு மேல் ஏறியது. அவள் கையை எடுக்காமலேயே ஃபாதர் ஜெரோமை நிமிர்ந்து பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை.

"ஒரு கை தண்ணி ஊத்தலன்னுதானே சாமி இவள வெளிய போட்டீங்க. வருசத்துல பாதி நாளு இவ தண்ணிக்குள்ளதான் கெடந்திருக்கா. முப்பது வருசமா. இன்னும் எவ்வளவு ஊத்தணுமாம்?"

ஃபாதர் ஜெரோம் கையில் ஜெபப் புத்தகம் இருந்தது. அவர் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"உள்ளயே வெட்டு வீரையா," என்றாள் அக்னஸ். "இவனாச்சும் நனையாம இருக்கட்டும்."

அவள் மரத்தடிக் குழியிலிருந்து இரண்டு கையாலும் சேற்றை அள்ளித் தலைப்பில் முடிந்துகொண்டாள். சுவரில் வழி கிடையாது. ரோட்டுக்கு வந்து, சுற்றிக்கொண்டு, முன்பக்கக் கதவு வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். அவள் முன்னால் நடந்தாள். தலைப்பிலிருந்து சொட்டிய சேற்றுத் தண்ணீர் ரோடு நெடுக விழுந்துகொண்டே வந்தது. அதை மிதிக்காமல் எல்சி ஓரமாகக் குழந்தையோடு நடந்தாள்.

உள்ளே மேட்டு நிலம், குழி காய்ந்திருந்தது. அக்னஸ் தலைப்பை அவிழ்த்து அந்தச் சேற்றைக் குழியின் அடியில் போட்டு உள்ளங்கையால் பரப்பினாள். அதன் மேல்தான் குழந்தையை வைத்தார்கள். அப்போதுதான் எல்சி அழுதாள். வாய்விட்டு, ஆஸ்பத்திரியில் அழாததையும் சேர்த்து அழுதாள். சாமியார் ஜெபம் சொன்னார். ஆசீர்வாதம் தன் பக்கத்துக்கு ஒரு சின்ன ஜெபம் செய்தார். இந்தத் தடவை சுருக்கமாக முடித்துக்கொண்டார். எல்லோரும் மண் போட்டு முடித்ததும் அக்னஸ் கைப்பையைத் திறந்து அந்தச் சின்ன பாட்டிலை எடுத்தாள். குழிமேட்டில் ஊற்றப் போகிறாள் என்று எல்லோரும் விலகி நின்றார்கள். அவள் அந்தத் தீர்த்தத்தை ஊற்றிக் கையிலிருந்த சேற்றைக் கழுவினாள். காலி பாட்டிலை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வரும்போது மறுபடியும் மேற்கே கறுத்துவிட்டது. ரோட்டில் நெல் திறந்து கிடந்தது. ரெமிஜியஸ் படுதாவை இழுக்க, மறுமுனையை அக்னஸ் பிடித்தாள். கோயிலில் துக்க மணி அடிக்க ஆரம்பித்தது. கயிற்றைப் பிடித்திருந்தது சந்தியாகு. நிறுத்தி நிறுத்தி அடித்து, முடிந்து, ஓய்ந்தது. கயிற்றைக் கட்டிவிட்டு வந்துவிடுவார் என்று நினைத்தார்கள்.

மணி மறுபடியும் முதலிலிருந்து அடிக்க ஆரம்பித்தது.

யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை. அக்னஸ் படுதாவின் முனையைப் பிடித்தபடி அது அடித்து முடிகிற வரைக்கும் நின்றாள். தூறல் விழ ஆரம்பித்திருந்தது. பிறகு நெல்லை மூடினார்கள்.